ஸ்கேன் செய்த காகித வரைபடம் ஜிபிஎஸ் கருவியில் இடம் விலகித் தெரிகிறது, சில பகுதிகள் தெரியவே இல்லை

தடம்தேடி:

வணக்கம். 1:50,000 அளவில் அச்சான பழைய நிலவரைபடத் தாள் ஒன்றைக் கார்மின் கையடக்கக் கருவியில் பயன்படுத்த விரும்புகிறேன். வரைபடப் பகுதி மட்டும் நீளத்திலும் அகலத்திலும் 55 செ.மீ. இருக்கும். அதை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் என்னும் நிலவரைபட மென்பொருளின் ஜியோரெஃபரன்சரில் (படத்தை நில ஆயங்களோடு பொருத்தும் வசதி) அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்து, ஓரத்தில் அச்சிட்டிருந்த பாகை, கலை மதிப்புகளை உள்ளிட்டேன். கருவி டபிள்யூஜிஎஸ் 84 என்னும் ஜிபிஎஸ் ஆயமுறையில் இயங்குவதால் அதையே ஆயமுறையாகத் தேர்ந்தெடுத்தேன். சராசரிப் பிழை 2 பிக்சல் என்றே மென்பொருள் காட்டியது. பின்னர் கேஎம்இசட் கோப்பாக (படத்தையும் அதன் இடக்குறிப்பையும் சேர்த்துச் சுருக்கிய கோப்பு) மாற்றிக் கருவியின் கஸ்டம்மேப்ஸ் கோப்புறையில் இட்டேன்.

இப்போது இரண்டு சிக்கல்கள் உள்ளன. நான் பதிவு செய்த நடைத்தடம் வரைபடத்தில் உள்ள பாதையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் விலகி விழுகிறது. அத்துடன் தாளின் சில சதுரங்கள் வெறுமையாக உள்ளன. புள்ளிகளின் பிழை இவ்வளவு குறைவாக இருந்தும் விலகல் எப்படி வருகிறது என்பது விளங்கவில்லை. இன்னும் பல புள்ளிகளைச் சேர்த்தால் சரியாகுமா?

நில அளவன்:

வணக்கம். இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதால் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது.

முதலில், புள்ளிகளைக் கூட்டுவதால் பயன் இராது. ஜியோரெஃபரன்சர் காட்டும் பிழை, நீங்கள் கொடுத்த புள்ளிகள் தமக்குள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. அவை தரையோடு ஒத்துப்போகின்றனவா என்பதை அது அறியாது. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே தொலைவு தள்ளியிருந்தாலும் பிழை சுழியத்துக்கு அருகிலேயே நிற்கும். ஆகவே உங்கள் விலகல் தாள் முழுவதும் ஒரே திசையில், ஒரே அளவில் உள்ளதா, அல்லது ஓரங்களை நோக்கிப் போகப்போகக் கூடுகிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். கூடிக்கொண்டே போனால் காகிதம் சுருங்கியதையோ, ஸ்கேன் செய்தபோது தாள் இழுபட்டதையோ, ஏதேனும் ஒரு புள்ளிக்குத் தவறான மதிப்பு தரப்பட்டதையோ ஐயுறலாம். எங்கும் ஒன்றாக இருந்தால் டேட்டமே (அட்ச, தீர்க்க மதிப்புகள் எந்தப் புவி வடிவத்தை, எந்த மையத்தை அடிப்படையாகக் கொண்டவை என்னும் வரையறை) காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

பழைய தாள்களின் ஓரத்தில் உள்ள அட்ச, தீர்க்க மதிப்புகள் அந்தத் தாள் வரையப்பட்ட டேட்டத்துக்கு உரியவை. எடுத்துக்காட்டாக, எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தின் (புவியின் வடிவத்துக்குப் பதிலாகக் கணக்கில் கொள்ளும் சற்றே தட்டையான கோளம்) பேரச்சு ஆரம், அதாவது நடுக்கோட்டு ஆரம், டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தின் 63,78,137 மீட்டரைவிட 861 மீட்டர் அளவுக்குக் குறைவு. அந்தக் கோளத்தின் மையமும் வேறோர் இடத்தில் அமைகிறது. என்ஏடி 27, ஈடி 50 போன்ற பிற டேட்டங்களுக்கும் இவ்வாறே தனித்தனி அடித்தளங்கள் உண்டு. எனவே ஒரே எண்கள் இரு டேட்டங்களில் தரையின் இரு வேறு இடங்களைக் குறிக்கும். தாளின் ஓரக்குறிப்பில் எந்த நீள்கோளம், எந்த டேட்டம் என்று இருக்கிறதோ அதையே ஜியோரெஃபரன்சரில் ஆயமுறையாகக் கொடுங்கள்; டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றுவது அதன் பின்னர் செய்ய வேண்டிய தனி வேலை.

வெறுமைச் சதுரங்களுக்குக் காரணம் எண்ணிக்கை. இவ்வகைக் கருவி ஒவ்வொரு படத்துண்டையும் 1024 x 1024 பிக்சலுக்குள் எதிர்பார்க்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் மொத்தம் 100 துண்டுகளே அனுமதி. 55 செ.மீ. தாள் 600 டிபிஐயில் ஏறத்தாழ 13,000 பிக்சல் ஆகும். அதாவது பக்கத்துக்கு 13 துண்டுகள், மொத்தம் 169. அதே தாள் 300 டிபிஐயில் 49 துண்டுகளோடு முடிந்துவிடும். அந்த 100 என்பது கோப்புக்கு அன்று, கருவியில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து.

கோட்டுரு:

இவ்வளவு சுற்றிப்போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூகுள் எர்த்தில் படத்தை மேலடுக்காக வைத்து, ஆறும் சாலையும் பொருந்தும் வரை நகர்த்திச் சேமித்தால் போதும்.

நில அளவன்:

ஒரே தாளுக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. டேட்ட வேறுபாடு ஒரு தாளின் பரப்புக்குள் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அடுத்த தாளை ஒட்டும்போது மீண்டும் கண்ணளவில் நகர்த்த வேண்டியிருக்கும், இரு தாள்களின் விளிம்புகள் பொருந்தாமலும் போகலாம். பழைய தாளில் உள்ள ஆறு இன்று அதே இடத்தில்தான் ஓடுகிறது என்பதற்கும் உறுதி இல்லை.

தடம்தேடி:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. விலகல் தாள் முழுவதும் ஒரே திசையில், ஒரே அளவில்தான் உள்ளது. ஓரக்குறிப்பின்படி டேட்டத்தை மாற்றி, பின்னர் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றினேன். ஆனால் படம் முன்பு இருந்த இடத்திலேயே, ஒரு மீட்டர் கூட நகராமல் விழுகிறது. துண்டுச் சிக்கல் 300 டிபிஐயில் தீர்ந்துவிட்டது.

நில அளவன்:

ஒரு மீட்டர் கூட நகரவில்லை என்பதே நல்ல தடயம். கியூஜிஐஎஸ் ஆய மாற்றங்களுக்குப் பயன்படுத்தும் ப்ராஜ் என்னும் நிரல் நூலகம், இரு டேட்டங்களுக்கு இடையே பொருத்தமான மாற்றம் கிடைக்காதபோது பால்பார்க் எனப்படும் தோராய மாற்றத்தைக் கையாளும். அதில் டேட்ட வேறுபாடு கணக்கில் வருவதே இல்லை. எண்கள் அப்படியே கைமாறுகின்றன. திட்டப் பண்புகளில் மாற்றங்கள் என்னும் பகுதியைத் திறந்து, உங்கள் டேட்டத்திலிருந்து ஈபிஎஸ்ஜி 4326க்கு (டபிள்யூஜிஎஸ் 84 ஆயமுறையின் குறியீட்டு எண்) போகும் வழிகளில் தாளின் நிலப்பரப்புக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே டேட்டத்துக்கு நாடுவாரியாகப் பல மாற்றங்கள் பட்டியலில் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றின் பயன்பாட்டுப் பரப்பையும் துல்லிய மதிப்பையும் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று: தட்டையாக ஸ்கேன் செய்த தாளுக்கு, ஜியோரெஃபரன்சரில் படத்தை வளைக்காமல் பொருத்தும் முதல்படி பல்லுறுப்பு மாற்றமே போதும். தின் பிளேட் ஸ்ப்லைன் முறையை மடிப்பு விழுந்த தாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது எல்லாப் புள்ளிகளின் வழியாகவும் படத்தை வளைத்துச் செலுத்துவதால், தவறான புள்ளி கூடப் பிழையற்றதாகவே தோன்றும்.

தடம்தேடி:

பொருத்தமான மாற்றத்தைத் தேர்ந்தெடுத்ததும் தடம் பாதைக்கு அருகில் வந்துவிட்டது. இன்னும் 10 முதல் 15 மீட்டர் வேறுபாடு எஞ்சுகிறது. மேலும், கருவியில் உள்ள அடிப்படை வரைபடத்தின் நிறப்பரப்பு என் படத்தை மறைக்கிறது. இவற்றையும் சரிசெய்ய இயலுமா?

நில அளவன்:

10 மீட்டரை விட்டுவிடுங்கள். 1:50,000 அளவில் 0.2 மி.மீ. கோடு தரையில் 10 மீட்டர் அகலம்; நெருக்கடியான இடங்களில் சாலையும் ஓடையும் ஒன்றன்மேல் ஒன்று விழாதிருக்க, வரைந்தவர்களே ஒன்றைச் சற்றுத் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஜிபிஎஸ் அளவீட்டின் பிழையும் அதனுடன் சேரும்.

மறைப்பதற்குக் காரணம், கேஎம்இசட்டுக்குள் படத்தின் இடத்தைக் குறிக்கும் கேஎம்எல் கோப்பில் உள்ள டிராஆர்டர் (படங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரையப்படும் வரிசை) மதிப்பு. அதை 50க்கு மேல், எடுத்துக்காட்டாக 60 என வைத்தால் உங்கள் படம் மேலே வரும். கேஎம்இசட் என்பது ஜிப் கோப்புதான் என்பதால் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் கேஎம்எல்லை உரைத்திருத்தியில் மாற்றி, மீண்டும் சுருக்கலாம். அவ்வாறு செய்யும்போது படத்துண்டுகளையும் திருத்திச் சேமிப்பதாக இருந்தால் புரோகிரசிவ் ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம். இக்கருவிகள் பேஸ்லைன் ஜேபெக்கை மட்டுமே ஏற்பதால் அத்துண்டுகள் மீண்டும் வெறுமையாகிவிடும்.