கிட்டாரில் ஓயாத ஹம், நானே கட்டிய பூஸ்டரில் பூஸ்டே இல்லை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

ராத்திரி ரிஃப்:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு பிரச்சினை, ஒரே பதிவில் கேட்டுவிடுகிறேன்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமைப்பில் ஒரு கிட்டார் வைத்திருக்கிறேன். பெயர் சொல்லும்படியான பிராண்டு இல்லை. மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ஐந்து நிலை ஸ்விட்ச், ட்ரெமலோ பிரிட்ஜ். ஆம்ப்பில் சொருகியதுமே ஒரு உறுமல் ஆரம்பிக்கிறது, கெயினை ஏற்றினால் வாசிப்பதைவிட அதுதான் பெரிதாகக் கேட்கிறது. கம்பியில் கை வைத்தால் குறையும் என்று படித்தேன், எனக்குத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான். பேசாமல் மூன்று பிக்கப்பையும் கழற்றிவிட்டு ஹம் வராத வகை வாங்கிப் போட்டுவிடலாமா?

இரண்டாவது, முதல் பெடலாக எல்பிபி-1 பூஸ்டரை (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் எளிய சர்க்யூட்) வெரோ போர்டில் (செப்புப் பட்டைகள் உள்ள துளைப் பலகை) கட்டினேன். ஒரே டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், ஒரு பாட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்), அவ்வளவுதான். வரைபடத்தில் 2என்5088 இருந்தது, கையில் பிசி547 இருந்தது, இரண்டும் என்பிஎன் வகை டிரான்சிஸ்டர் என்பதால் அதையே போட்டேன். ஒலி வராமல் இல்லை, ஆனால் பூஸ்ட் என்று சொல்ல ஒன்றுமில்லை. ட்ரெபிள் எல்லாம் போய், கம்பளிக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது. சால்டரிங் எல்லாம் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தாயிற்று.

மல்டிமீட்டர் இருக்கிறது, 25 வாட் அயர்ன் இருக்கிறது. ஆம்ப் ஒரு பழைய வால்வு ஆம்ப். ஹம் அதிலிருந்து வருகிறதா என்று திறந்து பார்க்கலாமா?

---

ஈயப்புகை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: திறக்காதீர்கள். வால்வு ஆம்ப்பில் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பெடலில் 9 வோல்ட், தவறாக வைத்தால் ஒரு டிரான்சிஸ்டர் போகும். அங்கே அப்படி இல்லை. ஆம்ப்பில் கோளாறா என்று பார்க்க அதைத் திறக்கவே வேண்டாம், ஆம்ப்பிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு வால்யூமை ஏற்றிக் கேளுங்கள். உறுமல் நின்றால் ஆம்ப் மேல் குற்றமில்லை.

பிக்கப் வாங்குவதையும் தள்ளிப் போடுங்கள். கம்பியைத் தொட்டும் ஹம் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் பிக்கப் மேல் இல்லை, கம்பிகளுக்குக் கிரவுண்ட் (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் பக்கம்) இணைப்பு இருக்கிறதா என்பதில்தான். நம் உடம்பு சுற்றியுள்ள மின்கம்பிகளின் மின்புலத்தை வாங்கிக்கொண்டு கிட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கம்பி கிரவுண்டில் இருந்தால் தொட்டவுடன் உடம்பும் கிரவுண்டுக்குப் போய்விடும், இரைச்சல் விழும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அந்த வழி எங்கேயோ அறுந்திருக்கிறது. (தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் கதை வேறு, பெரும்பாலும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும்.)

கிட்டாரைக் கழற்றாமலே பார்க்கலாம். கேபிளைக் கிட்டாரில் மட்டும் சொருகுங்கள், மறுமுனை கையில். மீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் ஸ்லீவில், அதாவது நீளமான உடல் பகுதியில் வையுங்கள், இன்னொன்றைப் பிரிட்ஜில் வையுங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டினால் நல்லது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் விஷயம் பிடிபட்டது.

அதே இருப்பில் பிக்கப்பையும் அளந்துவிடலாம். வால்யூம், டோன் இரண்டையும் 10-ல் வைத்துப் பிளக்கின் நுனிக்கும் ஸ்லீவுக்கும் நடுவே அளங்கள். சிங்கிள் காயில் தனியாக இருக்கும் 1, 3, 5 நிலைகளில் சுமார் 5.5 முதல் 7 கிலோ ஓம் வரவேண்டும். 2, 4 நிலைகளில் இரண்டு பிக்கப் இணையாக இருப்பதால் ஏறக்குறைய பாதி. எங்காவது 200-க்கு மேல் கிலோ ஓம் காட்டினால் அந்தக் காயில் அறுந்துவிட்டது, மீட்டர் வால்யூம் பாட்டை மட்டும் பார்க்கிறது என்று அர்த்தம்.

---

ஒன்பது வோல்ட்:

பெடலுக்கு நான் வருகிறேன். என்பிஎன் என்பது சரிதான், ஆனால் கால்கள் ஒரே வரிசையில் இல்லை. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், 2என்5088-ல் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-ல் கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸ் நடுவில் இருப்பதால் அப்படியே சொருகினால் தலைகீழாகப் போய் உட்காரும்.

இதில் குழப்பம் என்னவென்றால், தலைகீழ் டிரான்சிஸ்டர் செத்துப்போவதில்லை, வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளும். பெருக்கம் நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டியது ஒற்றை இலக்கத்துக்கு, அதிகம் போனால் அதைவிடக் கொஞ்சம் மேலே, விழுந்துவிடும். அதோடு உள்ளீட்டு இம்பீடன்ஸும் (உள்ளே வரும் சிக்னலுக்குப் பெடல் காட்டும் தடை) சில கிலோ ஓமுக்கு இறங்கிவிடும், அது பிக்கப்பை அழுத்தி ட்ரெபிளைத் தின்றுவிடும். நீங்கள் சொன்ன கம்பளிச் சத்தம் அதுவாகத்தான் இருக்கும், ஆனால் என் ஊகத்தை நம்பி அயர்னைச் சூடாக்க வேண்டாம். 9 வோல்ட் கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களிலும் என்ன வோல்ட் என்று எழுதுங்கள்.

சரியாக இருந்தால் என்ன வரவேண்டும் என்று கணக்கு போட்டே சொல்லலாம். வரைபடத்தில் உள்ள 430 கிலோ ஓம், 43 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து பேஸுக்கு 0.8 வோல்ட் அருகில் கொடுக்கும், எமிட்டரில் 0.2-ஐ ஒட்டி வரும், 390 ஓம் வழியாக அரை மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதே மின்னோட்டம் 10 கிலோவில் விழுவதால் கலெக்டரில் 4, 5 வோல்ட் நிற்கும். கலெக்டர் சப்ளையின் பாதிப் பக்கம் எங்கேயாவது இருந்தால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் வோல்ட் நிலை) பிழையில்லை.

---

ராத்திரி ரிஃப்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன்.

கேபிளைக் கழற்றினால் ஆம்ப் அமைதி. பிரிட்ஜுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே எதுவுமே காட்டவில்லை. பிக்கப் மூன்றும் 5.8, 5.9, 6.1 கிலோ ஓம்.

பெடல்: பேட்டரி 9.2. கலெக்டர் என்று நான் நினைக்கிற காலில் 8.6, பேஸில் 0.6, இன்னொன்றில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

கிட்டாரின் பின்மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் உலோகக் கொக்கித் தகட்டுக்கு ஒரு கறுப்பு ஒயர் வருகிறது, தகட்டில் ஒரு ஈயக் குமிழ் இருக்கிறது, ஒயர் அதிலிருந்து பிரிந்து சும்மா நிற்கிறது. திரும்ப வைத்துச் சால்டர் செய்யப் பார்த்தேன், ஈயம் பந்து மாதிரி உருண்டு விழுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. வேறு வழி உண்டா?

இன்னொன்று, உள்ளே பிக்கப் குழியில் வெறும் மரம்தான், செப்பு ஷீட், பெயிண்ட் எதுவும் இல்லை. அதையும் இப்போதே செய்துவிடலாமா? வால்யூமை 6-க்கு இறக்கினால் ஒலி மங்குகிறதே, அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா?

---

ஈயப்புகை:

அந்தத் தகடு பெரிய உலோகம், 25 வாட் அயர்ன் கொடுக்கும் சூட்டை எல்லாம் ஸ்பிரிங்கும் பிரிட்ஜும் இழுத்துக்கொள்ளும். தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, 40 வாட்டுக்கு மேல் அகலமான நுனியுள்ள அயர்ன் கிடைத்தால் முதலில் தகட்டைச் சூடாக்கி, அப்புறம் ஈயத்தைத் தகட்டில் வையுங்கள், அயர்ன் நுனியில் வைத்துக் கொண்டுபோய்த் தடவாதீர்கள். ரோசின் ஃப்ளக்ஸ் கொஞ்சம் போடலாம், குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் கூடவே கூடாது, அது பின்னால் ஒயரை அரித்துவிடும். பாட்டின் முதுகில் சால்டர் செய்யும்போதும் இதே தொல்லைதான், அங்கே ரொம்ப நேரம் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் கார்பன் பாதை கெட்டுவிடும் என்பது கூடுதல்.

அயர்ன் கிடைக்கவில்லையா, விடுங்கள். ஒயர் நுனியில் வளைய டெர்மினல் ஒன்றை அழுத்தி, தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகில் ஒன்றின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து முறுக்குங்கள். திருகைத் தளர்த்துமுன் கம்பிகளை இறக்கிவிடுங்கள், அப்புறம் எத்தனை சுற்று திருப்பினீர்களோ அத்தனையும் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் பிரிட்ஜின் உயரம் மாறி ட்யூனிங் படுத்தும்.

செப்பு ஷீல்டிங் (குழியின் உட்புறத்தைச் செப்பால் மூடி இரைச்சலைத் தடுப்பது): செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பசையும் மின்கடத்தும் வகையா என்று பார்த்து வாங்குங்கள், சாதாரணப் பசை என்றால் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினாலும் இணைப்பு இருக்காது, ஒவ்வொரு சந்திலும் ஒரு பொட்டு ஈயம் வைக்கவேண்டி வரும். மொத்தத்தையும் ஒரு ஒயரால் கிரவுண்டோடு சேர்க்கவேண்டும். ஜாக் குழியில் கவனம், பிளக் சொருகும்போது நுனித் தகடு வளைந்து செப்பில் இடித்தால் ஒலியே நின்றுவிடும், அங்கே உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

---

மேக்னட் மாமா:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், ஷீல்டிங் விஷயத்தில் எனக்கு ஈயப்புகையோடு முழு உடன்பாடு இல்லை. செய்வதில் கெடுதல் இல்லை, ஆனால் அது எதைக் குறைக்கும், எதைக் குறைக்காது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். டிம்மர், விளக்கு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் கூரான "ஜ்ஜ்ஜ்" சத்தம் பெரும்பகுதி மின்புலம் வழியாக வருவது, அதைச் செப்பு தடுக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கனத்த ஹம் காந்தப்புலம், மெல்லிய செப்புத்தாள் அதற்கு ஒரு தடையே இல்லை.

எது என்று கண்டுபிடிக்க, முதலில் அந்தக் கிரவுண்ட் ஒயரைச் சரிசெய்துவிட்டு, ஆம்ப் முன்னால் கிட்டாரோடு மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சில திசையில் ஹம் கிட்டத்தட்ட மறைந்து சில திசையில் கூடினால் அது காந்த ஹம். அதற்கு ஷீல்டிங்கில் ஒரு சாயங்காலத்தைச் செலவழிப்பது வீண், நிற்கும் இடத்தை மாற்றுவதே பலன் தரும். பிக்கப் வழியாகத் தீர்க்கவேண்டும் என்றால் நடுப் பிக்கப் மட்டும் எதிர்த்திசைச் சுற்றும் எதிர்க் காந்த முனையும் கொண்டதாக இருந்தால் போதும், 2, 4 நிலைகளில் இரண்டும் சேர்ந்து ஹம்மை அடித்துக்கொண்டுவிடும். உங்களுடையதில் ஏற்கெனவே அப்படித்தானா என்று ஒரு சிறு திசைகாட்டியைப் பிக்கப்புகளின் மேல் காட்டிப் பாருங்கள், நடுவில் மட்டும் முள் மறுபக்கம் திரும்பினால் பெரும்பாலும் ஆம்.

எல்லாக் கிரவுண்டையும் ஒரே புள்ளியில்தான் சேர்க்கவேண்டும் என்று யாராவது வந்து சொல்வார்கள். இத்தனை சின்னக் குழிக்குள் அதனால் காதில் விழும் வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை, கைக்கு வசதியான இடத்தில் சால்டர் செய்யுங்கள்.

வால்யூம் இறக்கினால் மங்குவது: வால்யூம் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக் காலுக்கும் குறுக்கே 1 நானோ ஃபாரட் கெபாசிட்டரையும் 150 கிலோ ரெசிஸ்டரையும் இணையாக வையுங்கள். கெபாசிட்டர் மட்டும் வைத்தால் வால்யூம் இறங்க இறங்க ஒலி மெலிந்து கிறீச்சிடும், ரெசிஸ்டர் அதைச் சமாளிக்கத்தான். டோன் கெபாசிட்டரைப் பழைய காலத்து எண்ணெய்க் காகித வகையாக மாற்றச் சொல்லி வருகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். 0.022, 0.047 மைக்ரோ ஃபாரட் என்ற மதிப்புதான் கேட்கும், உறை என்ன நிறம் என்பது கேட்காது.

---

ஈயப்புகை:

காந்தப்புலம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இன்றைக்கு எல்லார் அறையிலும் எல்இடி விளக்கும் சார்ஜரும்தான் நிறைந்திருக்கின்றன, எனக்கு வரும் கிட்டார்களில் பாதிக்கு மேல் "ஜ்ஜ்ஜ்" ரகம்தான். அதனால் செப்பை விட மாட்டேன். சுற்றிப் பார்க்கும் சோதனையை முதலில் செய்யட்டும், அதில் சண்டையில்லை.

---

ஒன்பது வோல்ட்:

8.6 வோல்ட் என்றால் 10 கிலோவில் விழுவது 0.6 மட்டும், டிரான்சிஸ்டர் வழியாக ஏறக்குறைய எதுவும் ஓடவில்லை. தலைகீழ்தான். திருப்பிப் போடுங்கள், ஆனால் அதே டிரான்சிஸ்டர் வேண்டாம், புதிதாக ஒன்று எடுங்கள். பிசி547-ன் எமிட்டர்-பேஸ் சந்தி எதிர்த்திசையில் 6 வோல்ட் வரைதான் உத்தரவாதம். உங்களுடையது அதற்கு மேல் வாங்கியிருக்கிறது, அப்படி அடிபட்டதில் பெருக்கம் குறைந்து இரைச்சல் கூடும் வாய்ப்பு உண்டு. போர்டில் ஒரு சாக்கெட் சால்டர் செய்து அதில் சொருகினால் வேறு டிரான்சிஸ்டர்களையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

சரியான பிறகும் கொஞ்சம் ட்ரெபிள் போகும், பயப்படவேண்டாம், அது இந்தச் சர்க்யூட்டின் குணம். உள்ளீட்டு இம்பீடன்ஸ் 30 கிலோ ஓம் சொச்சம், வால்வு ஆம்ப்பின் 1 மெகா ஓமோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. அதைச் சாதகமாகவும் ஆக்கலாம். உள்ளே வரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் அந்த இம்பீடன்ஸோடு சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டுகிறது. அதை 0.01 ஆக்கினால் வெட்டு 500-க்கு ஏறும், அடி ஒலி மெலிந்து சோலோ மேலே தெரியும். ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

---

ராத்திரி ரிஃப்:

டிரான்சிஸ்டர் மாற்றியாயிற்று, கலெக்டரில் 4.4. ஆம்ப் அலறுகிறது!! கிட்டாரில் வளைய டெர்மினல் வழி எடுபட்டது, இப்போது கம்பியைத் தொட்டால் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. மிச்சமிருப்பது சுற்றும்போது மாறுகிறது, அதாவது மேக்னட் மாமா சொன்ன ரகம், ஆகவே செப்பு இப்போதைக்கு இல்லை. பெடலைப் பெட்டிக்குள் வைக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

---

ஒன்பது வோல்ட்:

அருமை. ஒன்பது கால் 3பிடிடி ஸ்விட்ச் போட்டால் எல்இடியோடு முழு பைபாஸ் (பெடலை அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போவது) கிடைக்கும். எல்இடிக்கு 4.7 கிலோ ரெசிஸ்டர் போதும். அழுத்தும்போது "டப்" என்று வராமலிருக்க உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்று வையுங்கள். உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோவாக இருக்கட்டும், அதன் ரிங்கில் பேட்டரியின் நெகட்டிவை மாட்டினால் கேபிளைச் சொருகும்போது மட்டும் பேட்டரி இணையும். அடாப்டர் போடுவதாக இருந்தால் பெடல் உலகில் நடுமுனை நெகட்டிவ்தான் வழக்கம், யாராவது மாற்றிச் சொருகினால் தாங்க சப்ளையில் வரிசையாக ஒரு 1என்5817 டயோடு வையுங்கள், அதில் 0.3 வோல்ட் அளவுதான் இழப்பு.

பெட்டியில் துளை போடுவதற்கு முன் ஜாக், பாட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் தாளில் அதே அளவில் வரைந்து, ஜாக்கில் பிளக் சொருகினால் நுனி எதுவரை வரும் என்பதையும் சேர்த்து வரையுங்கள். 1590பி அளவுப் பெட்டியில் பேட்டரியும் வைப்பது பெரிய அவஸ்தை, அதைவிடக் கொஞ்சம் பெரிய 125பி எடுங்கள்.