எரிவாயுவும் (கேஸ்) பச்சைக்கல்லும் (ஜேட்) இருந்தும் நம்ம பர்மா ஏன் இப்படி? பார்த்ததை எழுதுங்கள்

ரங்கூன் தம்பி:
2010இல் பாங்காக்கில் கட்டட வேலை செய்யும் மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன். இரவு பதினொரு மணி, சாப்பாட்டுக் கடையில் அவருடைய மேஸ்திரி, தாய்லாந்துக்காரர், நல்ல மனுஷன், மேலே டியூப்லைட்டைக் காட்டி "இது உங்க ஊர் கேஸில் எரியுது" என்றார். நம்ம யாதனா வயல் கேஸ்தான், அந்தமான் கடலிலிருந்து தாய்லாந்தின் ராச்சபுரி மின் நிலையத்துக்குக் குழாயில் போகிறதே. மச்சான் அதைத் தமிழில் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம்தான் அம்மா போனில், கரண்ட் போய் மூன்றாவது நாள், பாப்பா மெழுகுவத்தியில் படிக்கிறாள் என்றார்.

மோல்மேன்காரர்:
தம்பி, கேஸை விற்றது தப்பில்லை, அவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்தக் காசு எங்கே போச்சு என்று கேளுங்கள். வெளிச்சந்தையில் ஒரு டாலர் ஆயிரம் கியாட் (நம்ம ஊர்ப் பணம்) பக்கம் ஓடிய காலத்தில் அரசாங்க விலை ஆறு கியாட் சொச்சம். கேஸ் விற்று வந்த டாலரை அந்த ஆறு கியாட் விலையில் கணக்கு எழுதினால் பட்ஜெட்டில் என்ன தெரியும், பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்து வரும்? 2012 ஏப்ரல் வரை இதுதான் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இது. 1962க்கு அப்புறம் மில், பேங்க், கடை எல்லாம் ராணுவ ஆட்சி எடுத்துக்கொண்டது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அன்று அப்பா பிஸ்கட் டின்னைத் திறந்தார். அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்தது. எண்ணினார், மூடினார், மறுபடி திறந்து எண்ணினார். அதே வருஷம்தான் ஐ.நா. நம்மை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது.

பெகு அத்தை:
அண்ணன் கணக்கைச் சொல்கிறார், பச்சைக்கல் சுரங்கம் இருக்கிற பாகந்த்தில் கணக்கே கிடையாது, நல்ல கல் பெரும்பாலும் எதிலும் பதியாமலே சீனாவுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் அங்கே மண்மேட்டில் மிச்சக் கல் பொறுக்கப் போனான். 2020 ஜூலை 2 அன்று மண் சரிந்து 170 பேருக்கு மேல் செத்தார்களே, அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் பிழைத்தான். தயவுசெய்து பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள். மோட்டார் வைண்டிங் கற்றுக்கொடுங்கள், சோலார் மாட்டக் கற்றுக்கொடுங்கள், கரண்ட் இல்லாத ஊரில் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. பெண் பிள்ளைக்குத் தையலோடு கணக்கு எழுதவும் பழக்குங்கள். காசு சேர்ந்தால் நோட்டாக வைக்காதீர்கள், அரைப் பவுனாக இருந்தாலும் தங்கமாக வாங்குங்கள், ரசீதைத் தனியாக வையுங்கள். பாப்பாவுக்குச் சார்ஜ் லைட் ஒன்று வாங்கிக் கொடு தம்பி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தால் கண் வலிக்கும்.

ரங்கூன் தம்பி:
வாங்கிவிட்டேன் அத்தை, பாப்பாவும் படித்து முடித்துவிட்டாள். அந்த மேஸ்திரி சொன்னபோது நான் சிரித்துத் தலையாட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.