மேற்பார்வையாளர் என்ற பெயரும் ஓவர்டைம் கூலியும்

கோத்தகிரி உறுப்பினர்:

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், இலையை உலர்த்தும் ட்ரையர் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, 2018 ஏப்ரலில் ‘ஷிப்ட் மேற்பார்வையாளர்’ என்று கடிதம் கொடுத்தார்கள். சம்பளம் 900 ரூபாய் கூடியது, ஓவர்டைம் நின்றது. அது இலை வரத்து மிகுந்த பருவம். சிறு விவசாயிகளின் இலை இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்கினாலும் ஈரம் குறைய உடனே வாட்டலுக்குப் பரப்பியாக வேண்டும் என்பதால், பல நாட்கள் பதினொரு மணி நேரம் நின்றேன். கடிதத்துக்குப் பிறகும் ட்ரையருக்கு முன்னால்தான் நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மேற்பார்வையாளருக்குச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது என்றார் மேலாளர். அது பாதி உண்மை. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரச் சொன்னது. மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களை வேலை நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவைக்க 64ஆம் பிரிவு இடம் தந்தது. ஆனால், அப்படி விலக்கப்பட்டவரின் சம்பளம் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் வரம்பைத் தாண்டவில்லை என்றால் அவருக்கும் ஓவர்டைம் கூலி உண்டு என்று அதே 64ஆம் பிரிவு சொன்னதைத் தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த வரம்பு 2017 ஆகஸ்டிலிருந்து 24,000 ரூபாயாக இருந்தது. என் சம்பளம் 14,560.

அதை 26 நாட்களாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 70 ரூபாய், இரட்டித்தால் 140. வருகை அட்டையில் பதிவாகியிருந்த 96 மணி நேர ஓவர்டைமுக்கு 13,440 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் தொகை முழுதாக வந்தது, ‘சிறப்புப் படி’ என்ற பெயரில். ஓவர்டைம் என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

குன்னூர் உறுப்பினர்:

கோத்தகிரி நண்பர் தொழிற்சாலைக்குள் இருந்ததால் தப்பித்தார். நான் எஸ்டேட் ஆபீசில் எழுத்தராக இருந்தேன். எங்களுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம்தான் பொருந்தும் என்றார்கள். அப்போது அதன்படி எழுத்தரும் தொழிலாளிதான், ஆனால் 2010 திருத்தத்துக்குப் பின் மாதச் சம்பளம் 10,000 ரூபாயைத் தாண்டாதவரை மட்டுமே. 2016இல் என் சம்பளம் 10,400. செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) முடிக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்ததற்குக் கூலி கேட்டபோது, அந்த 400 ரூபாயைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அதே ஞாயிறுகளில் இலை பறித்தவர்களுக்கு இரட்டிப்புக் கூலி என்று செக்ரோலில் எழுதியது என் கைதான்.