எக்ஸ்ஆர்டி வரைபில் பின்புலம் ஏறி நிற்கிறது, அவசர உதவி

பாலமீன்மடு_பையன்: வணக்கம். உலோகத் துண்டில் எக்ஸ்கதிர் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறதென்று எடுத்த வரைபில் பின்புலம் ஒரேயடியாக ஏறிவிட்டது, உச்சிகள் அதற்குள் மூழ்கிப்போயின. 44.7 பாகைக்குக் கிட்ட ஒன்று மட்டும் ஓரளவு தெரிகிறது. எச்சத் தகைப்பை (வெளிச்சுமை இல்லாதபோதும் உலோகத்துக்குள் தங்கிநிற்கும் இழுப்பும் அழுத்தமும்) கணக்கிட வேண்டும். திங்கட்கிழமை மேற்பார்வையாளரைச் சந்திக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.

கல்லடியான்: என்ன உலோகம்? என்ன எக்ஸ்கதிர்க் குழாய்?

படுவான்கரை: உலோகத்தின் பளிங்கு மணி பெரிதாக இருக்கும். மாதிரியைச் சுழற்றியபடி எடுங்கள், சரியாகிவிடும்.

கல்லடியான்: மணி பெரிதென்றால் உச்சிகளின் உயரம் தாறுமாறாகும். பின்புலம் ஏன் ஏறப்போகிறது?

பழைய_பௌதிகன்: முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள் தம்பி. மாதிரி என்னவென்று எழுதாமல் சாத்திரமா பார்ப்பது?

பாலமீன்மடு_பையன்: உருக்கு. சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முறிந்த சாப்ட், வெல்டிங் ஓரமாக வெட்டி எடுத்த துண்டு. செப்புக் குழாய்.

பழைய_பௌதிகன்: அதுதானே. செப்புக் குழாயின் முக்கிய கதிரான கே-அல்பாவின் சக்தி 8.05 கிலோ இலத்திரன்வோற்று. இரும்பின் கே விளிம்பு, அதாவது இரும்பு கதிரைக் கூடுதலாக விழுங்கத் தொடங்கும் சக்தி, 7.11. உமது கதிரை விழுங்கிவிட்டு இரும்பு தன் கதிரை உமிழ்கிறது, அதுதான் அந்தப் பின்புலம். கோபாற்று 6.93, குரோமியம் 5.41, இரண்டும் விளிம்புக்குக் கீழே. தகைப்புக்குக் குரோமியம் நல்லது, 211 என்ற அணுத்தளத்தின் உச்சி 156 பாகையில் வரும். இதெல்லாம் அடிப்படைப் பாடம்.

கல்லடியான்: குழாய் மாற்ற வழியில்லையென்றால் உணரியின் சக்தி எல்லையை ஒடுக்கிப் பாருங்கள். அல்லது உணரிக்கு முன்னால், ஒரே சக்தியுள்ள கதிரை மட்டும் விடும் ஒருநிறமாக்கி போடலாம். அது கிடக்க, மேற்பரப்பை என்ன செய்தீர்கள்?

பாலமீன்மடு_பையன்: கிரைண்டரால் மினுக்கினேன்.

கல்லடியான்: ஐயோ. செப்புக் கதிர் இரும்புக்குள் சில மைக்கிரோமீற்றர்தான் இறங்கும். உச்சி தெளிவாக வந்தாலும் கிரைண்டர் விட்ட தகைப்பைத்தான் அளப்பீர்கள். மின்முறையில் மினுக்கி அந்தத் தோலைக் கரைத்தெடுங்கள். துண்டாக வெட்டியபோதே ஒரு பங்கு தகைப்பு விடுபட்டிருக்கும், அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

படுவான்கரை: இதற்குத்தான் எக்ஸ்கதிருக்குப் பதிலாக நியூத்திரன் கதிர் வேண்டும். சில சென்ரிமீற்றர் உருக்குக்குள்ளும் வெட்டாமலே பார்க்கலாம். பிரான்சின் கிரெனோபிளில் ஐஎல்எல் ஆய்வகம், இங்கிலாந்தில் ஐசிஸ் ஆய்வகத்தின் எஞ்சின்-எக்ஸ் கருவி. விண்ணப்பம் போடுங்கள்.

பழைய_பௌதிகன்: மில் சாப்டுக்கு அணு உலையா? நல்ல கதை.

படுவான்கரை: ஐசிஸ் அணு உலை இல்லை ஐயா. புரோத்தனை முடுக்கித் தங்குதனில் மோதவிட்டு நியூத்திரன் எடுக்கிறார்கள். அடிப்படைப் பாடம்.

பழைய_பௌதிகன்: ஐஎல்எல் அணு உலைதான். நான் சொன்னது அதை.

அக்கரைப்பற்று_லேத்: உங்கட சண்டை மறுகா இருக்கட்டும். முறிந்த முகத்தை யாராவது பார்த்தீர்களா? அலை வடிந்த மணலில் கிடக்கும் வரிபோல வளைகோடு இருந்தால், ஒரே நாளில் முறிந்ததில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து வந்தது. சாப்டில் சில்லைப் பூட்டும் சாவிக்கு வெட்டிய மூலையைப் பாருங்கள், அங்கிருந்து தொடங்கிய சாப்டுகள் நிறைய எங்களிடம் வந்திருக்கின்றன. படம் போடுங்கள் தம்பி.

பாலமீன்மடு_பையன்: முகம் இல்லை நானா, மில்காரர் மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கோபாற்றுக் குழாயில் மறுபடி எடுத்தேன், பின்புலம் இறங்கிவிட்டது. 110 உச்சி 52.4 பாகையில் தெளிவாக நிற்கிறது. எல்லாருக்கும் நன்றி.

பழைய_பௌதிகன்: 52 பாகையில் தகைப்பு அளக்க வேண்டாம், தகைப்பால் உச்சி நகரும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. கோபாற்றென்றால் 310 தளம், 161 பாகை.

கல்லடியான்: மின்முறை மினுக்கல் செய்தீர்களா?

படுவான்கரை: வரைபையாவது போடுங்கள்.