மகள் கொரியாவில் ஐடல் (கே-பாப் எனும் கொரிய பாப் இசையின் ஆடல்-பாடல் நட்சத்திரம்) ஆக வேண்டும் என்கிறாள். அந்தத் துறைக்குள்ளே இருந்தவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?

இருமகள்தாய்:
வணக்கம். மூத்தவளுக்கு 14 வயது. மூன்று வருடமாக கே-பாப்தான் மூச்சு. அதற்காகத் தானாகவே கொரிய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதில் எனக்குப் பெருமைதான். போன வாரம் எங்களிடம் சொல்லாமல் ஒரு சியோல் நிறுவனத்தின் ஆன்லைன் ஆடிஷனுக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாள். அவள் அப்பா திட்டித் தீர்த்துவிட்டார். நான் திட்டவில்லை, ஆனால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. "கஷ்டப்பட நான் தயார்மா" என்கிறாள். அது என்ன கஷ்டம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். யூடியூப் இணைப்புகள் வேண்டாம், நிறையப் பார்த்துவிட்டேன்.

ராஜாமணி62:
போனைப் பிடுங்கி வையுங்கள். பத்து நாளில் சரியாகிவிடும்.

சியோல்வாசி:
அக்கா, போனைப் பிடுங்குவது வேலைக்காகாது. நான் ஆறு வருடம் சியோலில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். கொரியன் பேசிப் பழக ஒரு பெண் கிடைத்தார். வாரம் ஒருநாள் ஹோங்டே பக்கம் ஒரு காபிக்கடையில் உட்காருவோம். நான் ஆங்கிலம் சொல்லித்தருவேன், அவர் கொரியன். மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னார், 13 வயதிலிருந்து 18 வரை ஒரு நிறுவனத்தில் 'யோன்சுப்செங்' ஆக இருந்தாராம். பயிற்சியில் இருப்பவர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் கேக் சாப்பிடும் விதத்தைக் கவனித்தேன். முதலில் எட்டாகப் பிரிப்பார். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். திங்கட்கிழமைதோறும் எடை பார்த்து எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார்களாம். மாதக் கடைசியில் மதிப்பீடு. ஆடிப் பாடுவதைக் கேமராவில் எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் ஷூ வைக்கும் அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்கும். யார் போனது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கடையில் பாட்டு போட்டால் மேசைக்கு அடியில் கால் தானாகத் தாளம் போடும். அவர் மனசில் தைத்தது வேறு. ஐந்து வருடத்துக்குக் காட்ட ஒரு தாள் கிடையாது. சம்பளச் சீட்டு இல்லை, சான்றிதழ் இல்லை. கடை வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்த ஐந்து வருடத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் "பள்ளிப் படிப்பு" என்று போட்டாராம்.

சரி, மேடை ஏறிவிட்டால்? அப்போதும் கதை பெரிதாக மாறுவதில்லை. தங்குமிடம், உடை, வீடியோ என்று போட்ட காசை வரும் வருமானத்திலிருந்து நிறுவனம் முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில்தான் பங்கு. பயிற்சிச் செலவைத் தாங்களே ஏற்கும் பெரிய நிறுவனங்களும் உண்டு, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2024 அக்டோபரில் நியூஜீன்ஸ் என்ற கே-பாப் குழுவின் ஹன்னி கொரிய நாடாளுமன்றக் குழு முன் வந்து, பணியிடத்தில் தன்னை ஒதுக்கியதாகச் சொன்னார். அடுத்த மாதமே, தொழிலாளர் நிலைச் சட்டப்படி அவரைத் தொழிலாளியாகக் கொள்ள முடியாது, அதனால் பணியிடக் கொடுமை விதி பொருந்தாது என்று தொழிலாளர் அமைச்சகம் முடித்துவிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த ஐடலுக்கே அந்தக் கதி. காபிக்கடைப் பெண்ணுக்கு யார் தாள் கொடுக்கப்போகிறார்கள்?

ஊதாவிளக்கு:
நான் பத்து வருட ரசிகை. சட்டமே இல்லாத ஊர் மாதிரி எழுதுகிறீர்களே? 2014-இல் வந்த சட்டப்படி 15 வயதுக்குக் கீழே வாரம் 35 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேற்பட்ட சிறார்களுக்கு 40. இரவு 10 முதல் காலை 6 வரை வேலை வாங்கக்கூடாது. டிவிஎக்ஸ்க்யூ என்ற கே-பாப் குழுவின் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-இல் வழக்குப் போட்ட பிறகு, மாதிரி ஒப்பந்தத்தில் ஏழு வருடம் என்று ஆனது. 2019-இல், இணைய வசவுகளுக்கு ஆளான பாடகிகள் சல்லியும் கூ ஹாராவும் ஆறு வார இடைவெளியில் இறந்துபோனார்கள். டாவும் (Daum) இணையதளம் சல்லி இறந்த அந்த அக்டோபரிலேயே, நேவர் இணையதளம் 2020 மார்ச்சில், பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்துப் பெட்டியை மூடின. மாற்றம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சியோல்வாசி:
நீங்கள் சொன்னதெல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து மணி விதி என் தோழி இருந்த இடத்தில் எப்படி நடந்தது தெரியுமா? பத்து மணிக்கு ஆசிரியர் "வகுப்பு முடிந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அறை விளக்கை மட்டும் யாரும் அணைக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு ஆர்வம் போதாது என்று மதிப்பீட்டில் வரும். யாரும் இருக்கச் சொல்லவில்லை, பாருங்கள்!

இருமகள்தாய்:
தம்பிக்கும் ஊதாவிளக்குக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவள் அனுப்பிய வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுமாராக ஆடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நன்றாக ஆடுகிறாள். ஒருவேளை கூப்பிட்டுவிட்டால் ஒப்பந்தம் எந்த மொழியில் வரும்? நாங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமா?

சியோல்வாசி:
கொரியனில் கட்டாயம் இருக்கும் அக்கா. அவள் சிறுமி என்பதால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நடக்காது, அந்தப் பிடி உங்கள் கையில்தான். வந்தால் தேதி, பெயரையெல்லாம் விட்டுவிட்டு, பாதியில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை முதலில் தேடுங்கள். பயிற்சிக்குச் செலவழித்ததில் இரண்டு, மூன்று மடங்கு கேட்ட ஒப்பந்தங்களை 2017-இல் நியாய வர்த்தக ஆணையம் திருத்தச் சொன்னது. இருந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் நானும் படித்து அர்த்தம் சொல்கிறேன். அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவளுக்குத்தான் எழுத்து தெரியுமே.