ஜாக் எலியட் பாணியில் கத்ரி பாடல்கள்: கிட்டார் வாசிப்பவர்களிடம் ஓர் உதவி

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க நாட்டார் பாடகர் உட்டி கத்ரியின் பாடல்களை, அவருடைய சீடராகவே வாழ்ந்த ராம்ப்ளின் ஜாக் எலியட் பாடிய முறையில் கிட்டாரில் வாசிக்கப் பயின்று வருகிறேன். அதில் ஒரு கட்டத்தைத் தாண்ட உங்கள் உதவி தேவைப்படுகிறது.

1931இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த எலியட், 1951இல் கத்ரியைச் சந்தித்து, அவர் வீட்டிலேயே தங்கி, பாட்டோடு அவருடைய பேச்சின் இழுவையையும் கற்றுக்கொண்டார். ஹன்டிங்டன் நோய் என்னும் நரம்பு நோய் கத்ரியின் கைகளை முடக்கிய பிறகு, அந்த வாசிப்பை நமக்குக் காப்பாற்றித் தந்தவர்களில் எலியட்டே முதன்மையானவர் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வாசிப்பில், அமெரிக்க நாட்டார் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டரால் புகழ்பெற்ற முறையில், தடித்த தந்திகளில் மெட்டை மீட்டியபடியே, இடையிடையே மெல்லிய தந்திகளை வருடித் தாளத்தையும் காக்க வேண்டும். மெதுவாக வாசிக்கையில் இது கைக்கு வந்துவிடுகிறது. ஆனால், பேச்சும் பாட்டுமாகச் செல்லும் ‘டாக்கிங் புளூஸ்’ வகைப் பாடல்களில், குரல் தாளத்தை விட்டு விலகும்போது என் வலக்கையும் அதன் பின்னாலேயே ஓடிவிடுகிறது. எலியட்டின் குரல் எவ்வளவு தயங்கி நின்றாலும் கை பிசகுவதில்லை.

இவ்வகைப் பாடல்களைப் பாடிக்கொண்டே வாசிப்பவர்கள், கையைக் குரலிலிருந்து பிரித்துப் பழகிய விதத்தை விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். கத்ரி பாடல்களை மட்டுமே கொண்டு 1960இல் பிரெஸ்டிஜ் நிறுவனம் வெளியிட்ட எலியட்டின் இசைத்தட்டை வைத்திருப்பவர்கள், அதன் உறைக் குறிப்புகளைப் படமெடுத்து இங்கே பகிருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.