ஸ்பிங்ஸ்ல ஏழு பேர் சேர்ந்து கைடு எழுதுறோம், சிஎஸ்எஸ் ஃபைலை எப்படி கட்டுக்குள்ள வைக்கிறது?

மாறன்_டாக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். பில்லிங் சாஃப்ட்வேர் ஒண்ணுக்கு யூசர் கைடு எழுதுற டீம் நாங்க. எழுதினதை வெப் பக்கமா மாத்துற ஸ்பிங்ஸ் டூல், அதுக்கு ரீட் த டாக்ஸ் தீம் (பக்கத்தோட ரெடிமேட் தோற்றம்), எல்லாமே கிட்ஹப்ல. கடைக்காரங்களுக்கு ஒரு கைடு, இன்ஸ்டால் பண்றவங்களுக்கு ஒண்ணு, டெவலப்பர்களுக்கு ஒண்ணு, மூணும் தனித்தனி ரெப்போ (ஃபைல் சேமிப்பு). கடைக்காரங்க கைடு மட்டும் தமிழ்லயும் வருது.

தலைவலி எல்லாம் பக்கத்தோட தோற்றத்தை மாத்த நாங்க எழுதுற கஸ்டம்.சிஎஸ்எஸ் ஃபைல் தான். யாருக்கு என்ன வேணுமோ ஃபைலோட கடைசில நாலு வரி சேத்துட்டு போயிடுறாங்க, எடுபடலைன்னா மத்த ரூலை மீற வைக்கிற இம்பார்ட்டன்ட் போட்டுடுறாங்க, அடுத்து வர்றவர் அதை மீற இன்னும் நீளமா ஒரு செலக்டர் (ரூல் எதுக்கு பொருந்தும்னு சொல்ற பகுதி) எழுதுறாரு, இப்ப எந்த வரி எதுக்குன்னு யாருக்குமே தெரியல, அழிக்கவும் பயமா இருக்கு. போன ரிலீஸ்ல ஜிஎஸ்டி ரேட் டேபிள்ல கடைசி காலம் (நெடுவரிசை) ஸ்கிரீனை தாண்டி போகுதுன்னு ஒருத்தர் டேபிள் செல் எல்லாத்துக்கும் வரியை மடங்க விடுற ஒயிட்-ஸ்பேஸ் நார்மல்னு போட்டாரு. அது சரியாச்சு. ஆனா அதே ஃபைலோட காப்பி இருக்கிற இன்ஸ்டால் கைடுல, ரிலீஸ் ஹிஸ்டரி டேபிள்ல தேதி காலம் சுருங்கி நாள் ஒரு வரி, மாசம் ஒரு வரி, வருஷம் ஒரு வரின்னு ஆயிடுச்சு. கஸ்டமர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது.

கைடுக்கு ஒரு ஃபைல்னு பிரிச்சிடலாமா? இல்ல ரூல்களை அடுக்கு அடுக்கா பிரிக்கிற சிஎஸ்எஸ் லேயர் போட்டா இந்த இம்பார்ட்டன்ட் சண்டை தீருமா?

தேன்_எழுத்து:

மாறன், அந்த டேபிள் விஷயம் இந்த தீம் யூஸ் பண்ற எல்லாருக்கும் வர்றது தான். தீம்லயே டேபிள் செல்லுக்கு நோரேப்னு ஒரு ரூல் இருக்கு, அதனால தான் நீளமான வாக்கியம் மடங்காம வலது பக்கம் ஓடுது. அதோட கன்டென்ட் அகலமும் 800 பிக்சல்ல நிக்கும். நெட்ல தேடினா எல்லா டேபிளுக்கும் சேத்து நார்மல் ஆக்குற அந்த ஒரே தீர்வு தான் கிடைக்கும், உங்க ஆளும் அதைத்தான் எடுத்து போட்டிருப்பாரு, அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

ஸ்பிங்ஸ்ல டேபிள் போடுற லிஸ்ட்-டேபிள் எழுதும்போது கிளாஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க, அதை எல்லாரும் பழகணும். மடங்க வேண்டிய டேபிளுக்கு மட்டும் ஒரு கிளாஸ் பேர், ரூல் அந்த பேருக்கு மட்டும். பேரு அது எதுக்கான டேபிளோ அதை வச்சு இருக்கணும், ரேட்-டேபிள், ரிலீஸ்-டேபிள் இந்த மாதிரி. நீல-டேபிள், சின்ன-எழுத்துன்னு வச்சீங்கன்னா நாளைக்கு கலர் மாறினதும் அந்த பேருக்கே அர்த்தம் இல்லாம போயிடும், எழுதுறவங்களும் எதை எங்க போடுறதுன்னு கண்ணுக்கு அழகா தெரியுறத வச்சு முடிவு பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. பாராக்களுக்கு ஆர்எஸ்டி-கிளாஸ் இருக்கு, வரிக்குள்ள வர்ற வார்த்தைக்கு ரோல் இருக்கு. எழுதுறவங்களுக்கு பத்து பன்னெண்டு கிளாஸ் பேர் தெரிஞ்சா போதும், சிஎஸ்எஸ் ஃபைலை அவங்க திறக்கவே வேண்டாம்.

கைடுக்கு ஒண்ணுன்னு பிரிக்கிறதுக்கு நான் சரின்னு தான் சொல்வேன், ஒரு இடத்துல உடைஞ்சா இன்னொரு இடம் தப்பிக்கும்ல.

பைதான்_பக்கம்:

தேன் மேடம் சொன்ன கிளாஸ் பேர் விஷயம் நூத்துக்கு நூறு சரி, ஆனா பிரிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. முழுசா பிரிச்சா ஆறு மாசத்துல நோட் பாக்ஸ் ஒரு கைடுல ஒரு கலர், இன்னொரு கைடுல வேற கலர்னு வந்து நிக்கும், ஒரே கம்பெனி கைடு மாதிரியே இருக்காது. இவங்க இப்ப காப்பி வச்சிருக்கிறதும் ஒரு வகையில பிரிச்ச மாதிரி தானே.

பொதுவானதை ஒரு சின்ன பைதான் பேக்கேஜா பண்ணிடுங்க. உள்ள ஒரு சிஎஸ்எஸ் ஃபைல், செட்டப் ஃபங்ஷன்ல ஆட்_சிஎஸ்எஸ்_ஃபைல்னு ஒரு வரி, அந்த ஃபோல்டரை ஸ்டாட்டிக் பாத்ல சேக்க இன்னொரு வரி. மூணு கைடோட கான்ஃப்.பைலயும் (ஸ்பிங்ஸ் செட்டிங் ஃபைல்) எக்ஸ்டென்ஷன்ஸ்ல அந்த பேரை போட்டுட்டு, தேவையான பேக்கேஜ் லிஸ்ட் இருக்கிற ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல வெர்ஷன் நம்பரோட கட்டிடுங்க. பொது ஸ்டைல் மாறினாலும் கைடு தானா மாறாது, அந்த கைடை பாத்துக்கிறவர் நம்பரை ஏத்தி, பில்ட் பண்ணி பாத்துட்டு தான் எடுப்பாரு. உங்க தேதி காலம் கஸ்டமர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி உங்க கண்ணுல பட்டிருக்கும்.

வரிசை தெரிஞ்சா இம்பார்ட்டன்ட் தேவை பாதி குறைஞ்சிடும். ஸ்பிங்ஸ்ல ஒவ்வொரு சிஎஸ்எஸ் ஃபைலுக்கும் ஒரு பிரையாரிட்டி நம்பர் உண்டு, சின்ன நம்பர் முன்னாடி லோட் ஆகும். எக்ஸ்டென்ஷன் சேக்கிறது சும்மா விட்டா 500, கான்ஃப்.பைல எச்டிஎம்எல்_சிஎஸ்எஸ்_ஃபைல்ஸ்ல எழுதுறது 800. அதாவது பொது பேக்கேஜ் முதல்ல, கைடோட சொந்த ஃபைல் அதுக்கு அப்புறம். செலக்டர் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா பின்னாடி வர்றது ஜெயிக்கும், இம்பார்ட்டன்ட் வேண்டவே வேண்டாம்.

லேயர் கேட்டிருந்தீங்க, அதை தொடாதீங்க. தீமோட சிஎஸ்எஸ் எந்த லேயர்லயும் இல்ல. லேயருக்கு வெளிய இருக்கிற சாதாரண ரூல் எப்பவும் லேயருக்குள்ள இருக்கிறதை மீறிடும். நீங்க எழுதுறது எல்லாம் தோத்துட்டே இருக்கும், மறுபடி இம்பார்ட்டன்ட்டுக்கே வருவீங்க.

அப்புறம் ஸ்பிங்ஸ் வெர்ஷன் என்னன்னு பாருங்க. 7.1ல இருந்து சிஎஸ்எஸ் லிங்க் பின்னாடி, ஃபைல் மாறினா கூடவே மாறுற ஒரு செக்சம் குறியீடு தானா சேரும். அதுக்கு முந்தினதுன்னா பிரவுசர் பழைய ஃபைலையே காட்டும், ஒருத்தருக்கு சரியா தெரியும் இன்னொருத்தருக்கு தெரியாது, அதுலயே பாதி நாள் போயிடும்.

நூல்கட்டு:

தமிழ் பக்கத்தை யாருமே தொடலையே. இங்கிலீஷ்ல நல்லா இருக்கிற சிஎஸ்எஸ் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ஸ்பிங்ஸ் லாங்குவேஜ் செட்டிங்கை வச்சு பக்கத்துல மொழி குறியீடு போட்டுடும், அதனால மொழியை வச்சு பொருந்துற லாங் (lang) செலக்டர்ல தமிழுக்கு மட்டும் தனியா ரூல் எழுதலாம். முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு வரி இடைவெளி, நம்ம எழுத்துல மேல புள்ளியும் சுழியும் கீழ வளைவும் வர்றதால இங்கிலீஷை விட கொஞ்சம் தாராளமா வேணும், இல்லன்னா ‘ஞ்சூ’க்கு கீழ ‘கீ’ வந்தா இடிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டாவது இட்டாலிக். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல சாய்வெழுத்து தனியா கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே பிடிச்சு சாய்ச்சு விடுது, படிக்கவே கஷ்டம். அழுத்திச் சொல்ற வார்த்தைக்கு வர்ற எம் டேகுக்கு தமிழ்ல மட்டும் சாய்வை எடுத்துட்டு கொஞ்சம் தடிமன் குடுங்க. வயசான கடைக்காரர் ஃபோன்ல வச்சு படிப்பாரு, அவருக்காக இதை செய்யணும். இந்த ரூல்கள் பொது பேக்கேஜ்லயே இருக்கட்டும்.

பிடிஎஃப் எடுக்கிறீங்கன்னா அதுக்கு சிஎஸ்எஸ் எதுவும் போகாது, லேடெக்ங்கிற அச்சு மென்பொருள் வழியா வர்றதால கிளாஸ் பேருக்கு அங்க தனியா வடிவம் எழுதணும், தமிழுக்கு எஞ்சின் ஸீலேடெக்னு மாத்தணும்.

மாறன்_டாக்ஸ்:

ரொம்ப நன்றி, பேக்கேஜ் வழியே போறோம்னு முடிவு. லேயர் பத்தி சொன்னது நல்ல நேரத்துல சொன்னீங்க பைதான் சார், இந்த வாரம் அதைத்தான் ஆரம்பிக்க இருந்தோம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. டெட்லைன் நேரத்துல ஒருத்தர் அவசரமா ரா எச்டிஎம்எல் (நேரடி வெப் கோட்) போட்டு அதுக்குள்ள ஸ்டைல் எழுதினா என்ன பண்றது? ஏழு பேரையும் கண்காணிக்க முடியாது.

தேன்_எழுத்து:

ஆளை கண்காணிக்காதீங்க, ரெப்போ பாத்துக்கட்டும். ரா எச்டிஎம்எல்னு வர்ற வரியை தேடி, இருந்தா பில்டை நிறுத்துற மாதிரி, மாத்தம் வந்ததும் தானா சோதிக்கிற சிஐல ஒரு வரி போதும். எந்த ஃபைலுக்கு யார் பொறுப்புன்னு சொல்ற கோட்ஓனர்ஸ் ஃபைல்ல சிஎஸ்எஸ் ஃபோல்டருக்கு ரெண்டு பேர் பேரை போடுங்க, ஒருத்தர்னா அவர் லீவ்ல போனா வேலை நிக்கும். பிராஞ்ச் செட்டிங்ல கோட் ஓனர் ரிவ்யூ கட்டாயம்னு ஆன் பண்ணுங்க, அது இல்லாம அந்த ஃபைலுக்கு பலமே இல்ல.

இன்னொண்ணு, ஒரு மாதிரி பக்கம் எழுதி வைங்க. எல்லா வகை டேபிள், நோட், வார்னிங், கோட் பிளாக், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே பக்கத்துல, தமிழ்ல ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணு. ரீட் த டாக்ஸ்ல ஹோஸ்ட் பண்ணா புல் ரிக்வெஸ்டுக்கு (மாத்தத்தை சேக்க கேக்குற கோரிக்கை) பிரிவ்யூ பில்ட் வரும், ரிவ்யூ பண்றவர் அந்த பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டர்லயும் ஃபோன்லயும் திறந்து பாத்துட்டு அப்ரூவ் பண்ணட்டும். அவசரத்துல ரா எச்டிஎம்எல் போடுறவர்கிட்ட எந்த கிளாஸ் இல்லாம அப்படி போட்டீங்கன்னு மட்டும் கேளுங்க. அவர் சொல்றது நியாயமா இருந்தா பேக்கேஜ்ல அந்த கிளாஸை அன்னிக்கே சேத்து விட்டுடுங்க, காக்க வச்சா மறுபடி குறுக்கு வழி தான் தேடுவாங்க.